இரண்டு தட்டினால் கால் வை

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நெட்டை எழுதுகிறேன். இங்கே நான் சுகம். என் இருமல் என்னைவிடச் சுகம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? லேபில் இன்னும் அந்த ஆட்டம் காணும் நாற்காலிதானா?

போனிலேயே சொல்லியிருப்பேன். போனில் நீ "ம்", "சரி", "வைக்கட்டுமா" என்ற மூன்றோடு முடித்துக்கொள்வாய். கடிதத்தில்தான் வாய் திறப்பாய். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் கம்பெனி நம் வெட்டுக்கிளியை மறுபடி செய்யப்போகிறது. நீ ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து வருவேனே, அதே சின்ன வண்டி. அதே ஒற்றை சிலிண்டர், உடம்பு மட்டும் புதுசு. பதினொரு கிலோ குறைத்திருக்கிறார்கள். இனி உதைக்க வேண்டாம், பட்டனை அழுத்தினால் போதும். டேங்கையும் சீட்டையும் களிமண்ணில் முழு அளவுக்கு வடித்துக் காட்டும் வேலை என் கைக்கு வந்திருக்கிறது. பதினாறு வருடமாக யார் யாருடைய வண்டிக்கோ மண் பூசிக்கொண்டிருந்தேன். இப்போது நம் வண்டி வந்திருக்கிறது.

எங்கள் பெரியவர் காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பார். அவரைப் பென்சில் என்றுதான் சொல்வோம், முதுகுக்குப் பின்னால். "பழைய வண்டி மேல ஜனங்களுக்கு இன்னும் ஏன் இப்படி ஒரு பைத்தியம்? கண்டுபிடிச்சிட்டு வாங்க" என்று எல்லோரையும் விரட்டியிருக்கிறார். எனக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. நீ எழுது. அதில் உனக்கு என்ன பிடித்தது? ஒன்று விடாமல் எழுது. அதை யாருக்கு விற்றாய் என்று ஞாபகம் இருந்தால் அதையும் எழுது. போய் ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாம்.

இது கம்பெனி ரகசியம். அத்தானிடம் சொல்லாதே. ஜெராக்ஸ் கடைக்காரர், நூறு காப்பி எடுத்துவிடுவார்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 19

நெட்டைக்கு அக்கா எழுதுவது.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் நாங்கள் இரண்டு பேர். இருமலுக்கு மருந்து வாங்கினால் மட்டும் போதாது, குடிக்கவும் வேண்டும். லேபில் நாற்காலி அதேதான். அது ஆடினாலும் ஆடாமல் மைக்ராஸ்கோப் பார்க்க நான் பழகிவிட்டேன்.

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். இத்தனை வருடம் கழித்து என்னிடம் ஒருவர் வந்து வெட்டுக்கிளியைப் பற்றிக் கேட்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

எனக்கு உயரம் நாலடி பத்து. அதில் ஏறி உட்கார்ந்தால் ஒரு கால் கட்டைவிரல் நுனி தரையில் படும். இன்னொரு கால் அந்தரத்தில். ஷோரூமில் அப்பாவிடம், "பாப்பாவுக்கு ஸ்கூட்டர் காட்டட்டுமா சார்?" என்று கேட்டார்கள். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. வந்த ஆத்திரத்தில் அதைத்தான் வாங்குவேன் என்று நின்றுவிட்டேன். வாங்கிய பிறகுதான் நிறுத்துவது எப்படி என்ற கவலை வந்தது.

அதற்குத்தான் நீ இருந்தாய். உனக்கு உடம்பில் முக்கால்வாசி கால். லைசென்ஸ் டெஸ்டில் எட்டு போடச் சொன்னால் ஒன்பது போட்டுவிட்டு வந்தவன், ஓட்ட உனக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஆறு கிளினிக்கிலிருந்து ரத்த சாம்பிள் குழாய்களை எடுத்துக்கொண்டு பத்து மணிக்குள் லேபில் கொடுக்க வேண்டும். ஐஸ்பெட்டி உன் மடியில். சிகப்பு விளக்கைப் பார்த்தால் நியூட்ரலில் உருட்டிக்கொண்டே வந்து, இடது கையைப் பின்னால் விட்டு உன் முழங்காலில் இரண்டு தட்டு. கால் வை என்று அர்த்தம். நீ இரண்டு பக்கமும் காலை ஊன்றுவாய்; வண்டி ஆணி அடித்த மாதிரி நிற்கும். பச்சை விழுந்ததும் ஒரு தட்டு. எடு, போகலாம். மூன்று வருடம் நாம் அதற்கு ஒரு வார்த்தை பேசியதில்லை.

பிடித்தது என்ன என்று கேட்டாய். அதன் கனமின்மை பிடித்தது. பெட்ரோல் தீர்ந்தால் நீ ஒரு கையால் தள்ளிக்கொண்டு, மறு கையால் கடலை தின்றுகொண்டு வருவாய். அதன் சத்தம் பிடித்தது. எண்ணிவிடலாம் போல ஒவ்வொரு அடியாக விழும். சந்துக்குள் அது யாரையும் ஒதுங்கு என்று சொன்னதில்லை, தானே ஒதுங்கிப் போகும். அதில் போனால் எனக்கு நாலடி பத்து என்பது மறந்துபோகும். இதை நீ அங்கே யாரிடமும் படித்துக் காட்டாதே.

மழை வரும் போலிருக்கிறது. கணுக்கால் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது. துணி எடுக்க வேண்டும்.

அக்கா


மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

சொன்னால் திட்டுவாய்: படித்துக் காட்டிவிட்டேன். எல்லோருக்கும். இருமல் போய்விட்டது, அதனால் குரல் நன்றாக வந்தது. நீ நலம்தானே? கணுக்கால் ஏன் மழை சொல்கிறது? வயசாகிறதா?

டேங்க் முடிந்துவிட்டது. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, உள்ளங்கையால் தடவித் தடவி வழித்தேன். நீ குனிந்து வளைக்கும்போது உன் முழங்கை இடிக்குமே, அந்த இடத்தில் ஒரு பள்ளம் வைத்திருக்கிறேன்.

சீட்டில்தான் சண்டை. எனக்கும் பென்சிலுக்கும் சீட் உயரமாக, பின்பக்கம் ஏறினாற்போல இருக்க வேண்டும். பார்க்க அப்படித்தான் துடிப்பாக இருக்கிறது. அளவுப் பிரிவில் ஒரு எஞ்சினியர் அம்மா இருக்கிறார். எந்நேரமும் கையில் ஸ்கேல். "ரெண்டு விரக்கடை இறக்குங்க, இல்லேன்னா குள்ளமா இருக்கிறவங்க எப்படிங்க ஓட்டுவாங்க?" என்று தினமும் வந்து நிற்கிறார். இறக்கினால் வண்டி உட்கார்ந்துபோன மாதிரி ஆகிவிடும். என்ன சொன்னாலும் கேட்பதாயில்லை.

அதனால் உன்னைக் கேட்கிறேன். நான் வேலைக்கு இங்கே வந்த பிறகு நீ தனியாகவே ஏழு வருடம் ஓட்டினாயே. பின்னால் என் கால் இல்லாமல் எப்படிச் சமாளித்தாய்? அந்த வித்தையைச் சொல். யாருக்கு விற்றாய் என்ற கேள்விக்கும் பதில் வரவில்லை, ஞாபகப்படுத்துகிறேன்.

தம்பி


மார்ச் 30

தம்பிக்கு,

உன் இருமல் போனது சந்தோஷம். இங்கேயும் எல்லாம் வழக்கம்போல. லேபில் வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. தரை எட்டாவிட்டால் நடைபாதைக் கல் எட்டும். ஓரமாகக் கொண்டுவந்து கல்லில் கால் வைத்து நிறுத்துவது. பழகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

அந்த ஸ்கேல் அம்மா என்ன உயரம்?

அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக்கூட நேரமில்லை, கை பரபரக்கிறது. நலம்தானே?

ஜெயித்துவிட்டோம். நேற்று பெரிய கூட்டம். ஸ்கேல் அம்மா படம் போட்டு, கணக்குப் போட்டு அரை மணி நேரம் பேசினார். எனக்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது. அப்புறம் நான் எழுந்து சொன்னேன்: "எங்க அக்கா நாலடி பத்து சார். இதே உயரத்துல ஏழு வருஷம் தனியா ஓட்டினாங்க. நடைபாதைக் கல்லுல கால் வெச்சு நிறுத்துவாங்க. ஒரு நாள் கீழ விழுந்ததில்ல." பென்சில் மேஜையைத் தட்டினார். "கேட்டீங்களா? மனசு இருந்தா கால் எட்டும்" என்றார். ஸ்கேல் அம்மா பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

மே 30-ஆம் தேதி அளவுகளைப் பூட்டுகிறார்கள். பூட்டிவிட்டால் பிறகு ஒரு நூல் கூட மாற்ற முடியாது. அச்சு வெட்டக் கொடுத்துவிடுவார்கள். உன் கதைதான் ஜெயித்தது அக்கா. களிமண் மேல் யாரோ ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள்: "அக்கா ஓட்டிய வண்டி."

ஸ்கேல் அம்மா உன்னைவிட ஒரு அங்குலம் உயரம். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாதாம். ஏன் கேட்டாய்?

தம்பி


ஏப்ரல் 29

அன்புள்ள மச்சானுக்கு,

ஜெராக்ஸ் கடையிலிருந்து அத்தான். இங்கே நானும் மிஷினும் சுகம். உங்கள் அக்கா சுகம் என்று எழுதச் சொல்லியிருக்கிறாள், அதனால் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த நாளாக அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. "என்னம்மா?" என்றால், "ஒண்ணுமில்ல, நீங்க எதுவும் எழுதக்கூடாது" என்கிறாள். அதனால் நான் எதுவும் எழுதவில்லை.

இரண்டு விஷயம் மட்டும் சொன்னால் அது எழுதியதில் சேராது. கடைக்குப் பின்னால், பேப்பர் கட்டுகளுக்கு அந்தப் பக்கம், தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு சாமான் இருக்கிறது. தினமும் சாயங்காலம் வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போகிறாள். இன்னொன்று: பதினாறு வருடமாக வண்டியைத் தொடாதவள் டிரைவிங் லைசென்ஸை மட்டும் தேதி தவறாமல் புதுப்பித்துக்கொண்டு வருகிறாள். காப்பி எடுத்துக் கொடுப்பது நான்தானே.

அவள் எழுதுவாள். அதுவரை அங்கே எதையும் பூட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்


மே 6

நெட்டைக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் இதைச் சொல்லாவிட்டால் மறுபடி சொல்லாமலே விட்டுவிடுவேன்.

நான் ஏழு வருடம் ஓட்டவில்லை. ஒரு நாள் ஓட்டினேன். அந்த ஒரு நாளிலும் பாதிதான்.

உன்னை ரயிலேற்றிவிட்ட மறுநாள் காலை. நீ உட்காரும் இடத்தில் ஐஸ்பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஓரமாக நிறுத்த வேண்டும், கல்லில் கால் வைக்க வேண்டும் என்று ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். முதல் நாலு கிளினிக்கும் ஒழுங்காகத்தான் போனேன். பாங்க் முனை சிக்னலில் சிகப்பு விழுந்தது. நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்தேன், கையைப் பின்னால் விட்டேன், ஐஸ்பெட்டியில் இரண்டு தட்டுத் தட்டினேன். தட்டிவிட்டுக் காத்திருந்தேன்.

நீ கால் வைப்பாய் என்று காத்திருந்தேனடா.

ஒரு நொடிதான். வண்டி இடது பக்கமாகச் சாய்ந்தது, கணுக்கால் அதற்கு அடியில் போனது. பெட்டியில் இருந்த பதினாலு சாம்பிள் குழாயில் இரண்டுதான் உடைந்தது. எலும்பில் தகடு வைத்தார்கள், மூன்று மாதம் படுக்கை.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போது உன் முதல் கடிதம் வந்தது. வேலை பிடித்திருக்கிறது என்று எழுதி, "வண்டி எப்படி ஓடுகிறது?" என்று கேட்டிருந்தாய். சொன்னால் அடுத்த ரயிலில் வந்து நிற்பாய். அப்பா அம்மாவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டு, "நன்றாக ஓடுகிறது" என்று எழுதினேன். அடுத்த கடிதத்திலும் கேட்டாய். அதிலும் ஓட்டினேன். அப்படியே ஏழு வருடம் கடிதத்திலேயே வண்டி ஓட்டினேன். நீ ஊருக்கு வரும்போதெல்லாம் அது ஒர்க்‌ஷாப்பில் இருந்தது என்பதைக்கூட நீ சந்தேகப்படவில்லை. என் கல்யாணத்தில் ஏன் நொண்டுகிறாய் என்று கேட்டாய். செருப்பு கடிக்கிறது என்றேன். கடைசியில் பொய் சொல்லி அலுத்துப்போய், கடிதத்திலேயே விற்றும்விட்டேன். வண்டி அத்தான் கடைக்குப் பின்னால் இருக்கிறது. கட்டுப் போட்ட காலோடு மெடிக்கல் ரிப்போர்ட்டைக் காப்பி எடுக்கப் போய்த்தான் அவர் பழக்கமானார் என்பதும் உனக்குத் தெரியாது.

நடைபாதைக் கல் என்று எழுதியதும் பொய்தான். ஒரு காலை மட்டும் கல்லில் வைத்து நிறுத்தும் ஆள் எத்தனை பேரோ இருக்கலாம். அது நான் இல்லை. நான் சொன்ன பொய் என் வீட்டுக்குள் இருந்தவரை யாருக்கும் நஷ்டமில்லை. இப்போது அது களிமண்ணில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அச்சில் வெட்டிவிட்டால் என்னைப் போன்ற எத்தனை பேர் பாங்க் முனையில் விழுவார்கள் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

மே 30-க்குள் போய்ச் சொல். அந்த அம்மா சொன்னதுதான் சரி.

நீ நலமா? என்மேல் கோபமா?

அக்கா


மே 27

தம்பிக்கு,

மூன்று வாரமாகிறது. போன் செய்தேன், எடுக்கவில்லை. கோபப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கோபப்படு. சீட் என்ன ஆயிற்று என்று மட்டுமாவது ஒரு வரி எழுது.

அக்கா


ஜூன் 11

அக்காவுக்கு,

உடம்பு சுகம். மனசு சுகமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

கோபம்தான். படித்த அன்று வேலைக்குப் போகவில்லை. நான் இந்த ஊரில் வந்திறங்கி, பல் விளக்கி, டீ குடித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் நீ ரோட்டில் கிடந்திருக்கிறாய். பதினாறு வருடமாக எனக்கு அது தெரியாது. "ஒரு நாள் கீழ விழுந்ததில்ல" என்று அத்தனை பேருக்கு நடுவில் பெருமையடித்தேனே, அதை நினைத்தால் காது கூசுகிறது. உட்கார்ந்து அழுதேன். நெட்டையாக இருப்பவன் அழுதால் பார்க்கச் சகிக்காது, அதனால் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் ஸ்கேல் அம்மாவிடம் போய் உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்தார். ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டு பேரும் உட்கார்ந்து திட்டம் போட்டோம்.

பென்சில் ஆறடி. உனக்கு வெட்டுக்கிளி இருந்த உயரம் அவருக்கு வர வேண்டுமென்றால் வண்டியை எவ்வளவு தூக்க வேண்டும் என்று ஸ்கேல் அம்மா கணக்குப் போட்டார். உட்கார்ந்து பார்க்க வைத்திருக்கும் மாதிரி வண்டியை அந்த அளவுக்குக் கட்டை கொடுத்து ஏற்றினேன். பென்சிலை ஏறச் சொன்னோம். ஏறினார். சுற்றி நின்று பிடித்திருந்த மூன்று பேரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை எடுக்கச் சொல்லிவிட்டு, நான் அவர் முழங்காலில் இரண்டு தட்டினேன். "சிகப்பு விழுந்துருச்சு சார். கால் வைங்க." அவர் கால் கீழே துழாவியது. வண்டி ஆடியது. "யோவ், பிடிங்கய்யா" என்றார். பிடித்தோம். இறங்கி, புலி வேட்டைக்குப் போய்த் தப்பி வந்தவர் மாதிரி நின்றார். அப்புறம் நான் கூட்டத்தில் சொன்னது பொய் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். நீ சொன்ன பொய் என்று சொல்லவில்லை. என் பொய் என்றேன். கேட்காமல் நம்பியவனுக்கும் அதில் பங்கு உண்டு.

மே 29-ஆம் தேதி சாயங்காலம் சீட்டை இரண்டு விரற்கடை வழித்து எடுத்தேன். முன்பக்கத்தை ஒடுக்கி, டேங்க் இடுப்பையும் சிறிதாக்கினேன். தொடை அகலாமல் கால் நேராகக் கீழே இறங்கும். எல்லாம் முடித்துத் தள்ளி நின்று பார்த்தால், வண்டி முன்னைவிட அழகாக இருக்கிறது. பென்சில் சுற்றிச் சுற்றி வந்து, "இத முதல்லயே செஞ்சிருக்கலாமேய்யா" என்றார். ஸ்கேல் அம்மா அவரைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

நீ சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன் அக்கா.

தம்பி


ஜூன் 25

நெட்டைக்கு,

நீ எழுதியதும் எனக்குத் தூக்கம் வந்தது, அத்தானுக்குப் பசி வந்தது. அவர் இத்தனை நாள் எனக்காகப் பட்டினி கிடப்பது போல நடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வந்திருப்பாய். தெரியும். வந்திருந்தால் இங்கேயே இருந்திருப்பாய், எனக்குக் காலாக. அதனால்தான் சொல்லவில்லை. இதற்கு மேல் இதைப் பேச வேண்டாம்.

நான் ஓட்டுவேன் என்று மட்டும் ஆசையை வளர்த்துக்கொள்ளாதே. தகடு வைத்த கால். வயது நாற்பத்து மூன்று. புது வண்டி ஷோரூமுக்கு வந்தால் தொட்டுப் பார்ப்பேன். அவ்வளவுதான்.

அக்கா


அடுத்த வருடம், செப்டம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் நலம், வண்டியும் நலம். போன வாரம் கடைகளுக்கு அனுப்பியாகிவிட்டது. உங்கள் ஊர் ஷோரூமுக்கு ஒன்று வந்திருக்கும். அதற்கு என்னவோ வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிறார்கள். நீ வெட்டுக்கிளி என்றே கூப்பிடு, திரும்பிப் பார்க்கும்.

ஓட்டச் சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்து கால் வைத்துப் பார்த்துவிட்டு, எட்டுகிறதா இல்லையா என்று எழுது. எட்டவில்லை என்றாலும் எழுது. இனிமேல் எதுவானாலும் எழுது.

தம்பி


அக்டோபர் 17

நெட்டைக்கு,

அக்கா எழுதுகிறேன். அத்தான் நலம். நான் எப்படி என்பதை நீயே படித்துத் தெரிந்துகொள்.

நேற்று அத்தான் கடையை அரை நாள் மூடினார். ஷோரூமில் ஜன்னலோரம் நின்றது, பச்சை நிறத்தில். டேங்கில் முழங்கை இடிக்கும் இடத்தில் கை வைத்துப் பார்த்தேன். பள்ளம் இருந்தது. கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

ஏறி உட்கார்ந்தேன். எட்டியது. இதோடு இறங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். விற்கிற பெண், "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்குறீங்களா மேடம்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் சட்டைப் பையிலிருந்து என் லைசென்ஸை எடுத்து மேஜையில் வைத்தார். கூடவே இரண்டு காப்பியும்.

பட்டனை அழுத்தினேன். அதே சத்தம், ஒவ்வொரு அடியாக. "நானும் பின்னாடி வரட்டுமா?" என்று அத்தான் கேட்டார். வேண்டாம் என்றேன்.

முதல் தெருவில் நடுங்கினேன். இரண்டாவதில் ஒரு சைக்கிள்காரர் என்னை முந்திக்கொண்டு போனார். மூன்றாவது தெருவில் எனக்கு நாலடி பத்து என்பது மறந்துவிட்டது. திரும்பிவிடலாம் என்று பார்த்தால் எதிரே பாங்க் முனை. நான் போகும்போதே சிகப்பு விழுந்தது.

நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்தேன். கை தானாகப் பின்னால் போனது. காலி இடத்தில் காற்றை இரண்டு தட்டுத் தட்டியது. தட்டிய பிறகுதான் உறைத்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

வண்டி நின்றது. ஆணி அடித்த மாதிரி நின்றது.

குனிந்து பார்த்தேன். இரண்டு காலும் தரையில், செருப்பு முழுசாக ரோட்டில் படிந்திருந்தது. நான் வைத்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

பக்கத்தில் லாரிக்காரர், "ஏம்மா, பச்சை விழுந்து எவ்வளவு நேரம்? அழறத அப்புறம் வெச்சுக்கலாம், வண்டிய எடும்மா" என்றார்.

கையைப் பின்னால் விட்டு ஒரு தட்டுத் தட்டினேன். கிளம்பிவிட்டேன்.

எட்டுகிறதடா.

அக்கா